இடது கால் கட்டைவிரல்

செருப்புக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவனுக்குக் கால் நகம் சதைக்குள் வளர்ந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? "ரெண்டு நாள் போட்டு நடந்தா தானா தளர்ந்துடும் சார்" என்று இறுக்கமான ஷூக்களை ஊரார் தலையில் கட்டியவன் நான். எனக்கு வினை வந்ததும் அதே ஷூவால்தான். கடை ஆட்கள் கடைச் சரக்கைத்தான் போட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். முன்பக்கம் கூராக இருக்கும் ஷூ. போதாததற்கு நகத்தை வேறு ஓரத்தில் வளைத்து ஒட்ட வெட்டித் தொலைத்தேன். இடது கால் கட்டைவிரலின் ஓரம் சிவந்தது, வீங்கியது, பிறகு சீழ் வைத்தது.

டாக்டரிடம் போக வெட்கம். என்ன வேலை என்று கேட்பார், நான் சொல்ல வேண்டும், அவர் சிரிப்பார். அதனால் வீட்டு வைத்தியம்தான். வைத்தியர் என் மனைவி.

பக்கத்து வீட்டம்மாவின் மகளுக்குக் கேட்டதாம் என்று பூண்டை நசுக்கிக் கட்டினோம், தோல் வெந்துபோனது. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அது கைவிரல் நகச்சுற்றுக்குச் செய்வது என்று மறுநாள்தான் தெரிந்தது. நகத்தின் நடுவில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டினால் ஓரம் தானே நடுப்பக்கம் வாங்கிக்கொள்ளும் என்றான் கடையில் ஒருவன். வெட்டினேன். காலுறையின் நூல் அதில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கொஞ்சமாவது கை கொடுத்தது உப்பு போட்ட வெந்நீரும் பஞ்சும்தான். கால் மணி நேரம் ஊறவைத்து, நகம் மெத்தென்று ஆனதும், ஓரத்தை மெல்லத் தூக்கி அடியில் திரி போல் உருட்டிய பஞ்சைச் செருக வேண்டும். தினமும் மாற்ற வேண்டும். என் தொந்திக்கு என் கால் எட்டாது. அவள்தான் செய்தாள். அந்த நாற்றத்துக்கு ஒரு நாள்கூட மூக்கைச் சுளித்தவள் இல்லை.

ஒரு நாள் கடையில், விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி கத்தினார்.

"நம்ம ஷூவைப் போட்டுக்கிட்டு நொண்டுறவனைப் பார்த்தா எவன்யா வாங்குவான்? போ, குடோன்ல போய் நில்லு!"

மாலை வரை அட்டைப்பெட்டிகளோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் விரலைப் பற்றித்தான். அந்தப் பக்கத்துச் சிரிப்பு வாசல் வரை கேட்டது. போனை வைத்துவிட்டு வந்து, நாற்காலியில் இருந்த எனக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாததால் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"செருப்புக் கடைக்காரருக்கே காலுக்கு இந்தக் கதின்னா, வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் என்ன ஆனாங்களோ!" என்று சிரித்தாள்.

அடுத்த நொடி அவள் பின்னால் சாய்ந்து கிடந்தாள். கீழுதடு கிழிந்திருந்தது. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. பஞ்சு செருகும்போது வலியில் கால் துள்ளிவிட்டது என்றேன். அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். உதட்டைக் கழுவிக்கொண்டு வந்தவளிடம் நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. விரலால் வந்தது என்று வெளியே தெரிய வேண்டாம், கதவு இடித்துவிட்டதாகச் சொல் என்றேன்.

அவளும் அப்படியே சொன்னாள். கதவு இடித்தது என்று ஒரு பெண் சொன்னால் ஊர் என்ன நினைக்குமோ அதையே நினைத்தது. பக்கத்து வீட்டம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மாலையும் அவள் வெந்நீர் வைத்தாள். ஆனால் முக்காலியை எதிரே போடவில்லை. என் இடது பக்கம் ஓரமாகப் போட்டுக்கொண்டாள். அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஷூ போடும்போது நேரே உட்காரக் கூடாது, மற்றக் கால் எட்டாத பக்கமாக உட்கார வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கல்யாணமான புதிதில் அதை நடித்துக் காட்டி அவளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேதி கேட்டு அவள் அண்ணன் வந்துவிட்டார். மச்சான் தச்சு வேலை செய்கிறவர். சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்.

"எந்தக் கதவும்மா இடிச்சுது?"

அவள் சமையலறைக் கதவைக் காட்டினாள். அவர் அதை மூடினார், திறந்தார், நாடாவைப் பிடித்துப் பார்த்தார்.

"கைப்பிடி உன் இடுப்பு உயரத்துல இருக்கு. கதவு வழவழன்னு இருக்கு. உதடு எப்படிக் கிழியும்?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, என் தங்கச்சியை அடிக்கிற வீட்டுல அவளை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது. கூட்டிட்டுப் போறேன்."

அவள் போய்விடுவாள் என்றதும் எனக்கு வெட்கமாவது ஒன்றாவது. காலுறையைக் கழற்றிக் காலை நீட்டினேன். பூண்டு, எலுமிச்சம்பழம், பஞ்சு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"அடிக்கல மச்சான். வலி தாங்காம கால் துள்ளிடுச்சு. இதை வெளிய சொல்லக் கூச்சப்பட்டுத்தான் கதவுன்னு சொல்லச் சொன்னேன்."

மச்சான் குனிந்து விரலைப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட கடவுளே! இதுக்கா இவ்வளவு? நான் என்னென்னமோ நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கல." விரலை இன்னொரு முறை பார்த்தார். "ஆனா மாப்ள, இந்த விரலாலயா பல்லு உடையுற அளவுக்கு உதைச்சீங்க? உதைச்சிருந்தா உங்க உயிரில்ல போயிருக்கும்!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். நானும் சேர்ந்து சிரித்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

இடது கால் அவள் மடியில் அசையாமல்தான் கிடந்தது. அவள் பஞ்சை இன்னும் செருகக்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷமாக யார் யார் காலடியிலோ முகத்தை வைத்து உட்கார்ந்தவன் நான். குழந்தைகளைத் தவிர ஒருவர்கூட என்னை உதைத்ததில்லை.

"வலது கால் மச்சான்" என்றேன். "நல்ல கால். அவ சிரிச்சாங்கிற கோபத்துல உதைச்சேன்."

மச்சான் சிரிப்பு நின்றது. அவர் கத்துவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"கிளம்பும்மா."

அவள் உள்ளே போய்ப் பையோடு வந்தாள். பஞ்சுப் பொட்டலத்தையும் உப்பு டப்பாவையும் என் பக்கத்தில் வைத்தாள்.

"தண்ணி பொறுக்குற சூடுல இருக்கட்டும். திரி மெல்லிசா இருந்தா போதும். நாளைக்காவது டாக்டரைப் பாருங்க."

"எப்ப வருவே?"

"தெரியல" என்றாள். பேசும்போது உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

மாலையில் காலை ஊறவைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், எட்டவில்லை. தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, தொந்தியை அமுக்கிக்கொண்டு, மூச்சு முட்டக் குனிந்தேன். நகத்தின் ஓரம் தெரிய வேண்டுமென்றால் முகத்தை விரல் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்போது வலது கால் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் தினமும் அங்கேதான் முகத்தை வைத்திருந்தாள்.