கடைசியா என்ன சொன்னான்

“ஒரு தடவைக்குப் பத்துப் பேர் போதும் சார். பதினொன்றரைக்கு ஒரு வண்டி, பன்னிரண்டே காலுக்கு ஒண்ணு, ஒண்ணரைக்கு ஒண்ணு. அதுக்கு மேல விட்டா லைன்ல ஆள் இருக்காது” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. அவள் நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டுத் தள்ளி, கூடத்தின் நடுவில், அவளுடைய தம்பி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான்.

கேட்டவர் அவளும் தம்பியும் வேலை பார்த்த அலுவலகத்தின் மேலாளர். சாவுக்கு ஆட்களை எப்போது, எத்தனை பேராக அனுப்புவது என்று அவருக்குப் புரியவில்லை. அந்த அலுவலகத்தில் யார் எப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம் என்பது அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். “இந்த நிலைமைல உங்களக் கேக்குறது தப்புதான்” என்று இழுத்தார். “பரவால்ல சார்” என்றாள். பழக்கம் யாரை விட்டது? வாய் தானாகவே அட்டவணை போட்டுவிட்டது.

“கூடப்பொறந்தவன் கெடக்கறான், இவளுக்கு ஆபீசு கேக்குது” என்று சுவரோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள்.

“அவ அப்படித்தான். பொறுப்பானவ. அவ இல்லாட்டி இவன் எந்த வேலையில நெலச்சிருப்பான்?” என்றாள் அம்மா. அழுது அழுது குரல் கரகரத்துப் போயிருந்தது. பெரியவளை விட்டுக்கொடுத்து அம்மாவுக்குப் பழக்கமில்லை.

அக்காவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அவள் கண்கள் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தன. தம்பியின் போன். ஆஸ்பத்திரியில் அவன் சட்டை, பெல்ட், செருப்போடு அதையும் ஒரு பையில் போட்டு அவன் மனைவி கையில் கொடுத்துவிட்டார்கள். அவனை எடுத்துப்போகும் வண்டி மூன்று மணிக்கு வரும். அதற்குள் அந்த போன் அவள் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பெற்ற தாய் முகத்தில் இனி அவள் விழிக்க முடியாது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அந்தக் கனம் என்னவென்று சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஊரில் உள்ளவர்களின் புகார்களையெல்லாம் தொலைபேசியில் வாங்கிக்கொள்ளும் அலுவலகம் அது. இருநூற்று நாற்பது நாற்காலிகள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் ஒரு திட்டு முடிந்து அடுத்த திட்டு வருவதற்கு நான்கு நொடிதான் இடைவெளி. ஒன்றுக்குப் போவதானாலும் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அமுக்கியதும் அக்காவின் திரையில் அந்தப் பெயர் மஞ்சளாகும். நேரம் தாண்டினால் சிவப்பாகும். அலுவலகத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். அவளுக்கும் அது தெரியும், உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

தம்பியை ஆறு வருஷத்துக்கு முன் அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே அவனை ஒரு பிடி அதிகமாக இறுக்கினாள். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் தாண்டினால் எச்சரிக்கை, அவனுக்கு ஒரு நிமிடத்திலேயே. “சொந்தத் தம்பிக்கே இந்தக் கதின்னா நம்ம எம்மாத்திரம்” என்று பேசிக்கொண்டார்கள். அதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தாள், பாவி.

போன வருஷம் வேலையில் இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. வேலைப் பளு, மன அழுத்தம், நேர நிர்வாகம் என்று மூன்று நாள் வகுப்புக்கு அக்காவை அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்து எல்லோருக்கும் வகுப்பு எடுத்தாள். “வேலை யாரையும் கொல்றதில்ல. நேரத்தப் பிரிச்சுக்கத் தெரியாததுதான் கொல்லுது” என்று பலகையில் வட்டம் போட்டு விளக்கினாள். பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து, திரை கட்டி, மங்கலான விளக்கு போட்டு, சாய்ந்து படுக்கும் நாற்காலி ஒன்றை வைத்து அமைதி அறை என்று பெயரிட்டார்கள். படபடப்பாக இருந்தால் பதிவு செய்துகொண்டு அங்கே போய்ச் சாயலாம். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். ஏன் பன்னிரண்டு என்றால், அப்போதுதான் மணிக்கு ஐந்து பேர் அமைதியாகலாம்.

நேற்றுக் காலை வாசலிலேயே தம்பி அவளை நிறுத்தினான்.

“அக்கா, நெஞ்சுல ஏதோ வச்சு அழுத்தற மாதிரி இருக்கு. அரை நாள் லீவு குடேன்.”

“மாசக் கடைசிடா. உனக்கு மட்டும் குடுத்தா என்னைத்தான் சொல்லுவாங்க. பதினொண்ணு பத்துக்கு அமைதி ரூம் போட்டுத் தரேன். கண்ண மூடிப் படு, சரியாயிடும்.”

“சரிக்கா” என்று போனான். சின்ன வயதிலிருந்தே அவள் சொன்னால் மறுபேச்சு பேசாத பிள்ளை.

பதினொன்று பத்துக்கு அவன் பெயர் மஞ்சளானது. இருபத்திரண்டுக்குச் சிவப்பானது. அக்கா மெசேஜ் அனுப்பினாள்: *டைம் முடிஞ்சாச்சு. சீட்டுக்கு வா.* ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று: *என் மானத்த வாங்காத.* அவன் இரண்டையும் படித்தான். பதினொன்று முப்பத்தொன்றுக்கு அவனிடமிருந்து ஒன்று வந்தது: *அக்கா கொஞ்சம் வாயேன்.*

போயிருக்கலாம். அவள் மேஜையிலிருந்து அந்த அறை நாற்பது அடி. பார்த்தாள், பல்லைக் கடித்தாள், *நடிக்காத, எல்லாரும் பாக்கறாங்க* என்று தட்டினாள். பதில் இல்லை. பத்து நிமிடம் பொறுத்து, *கேட்ட அரை நாள் லீவப் போட்டுட்டேன், சந்தோஷமா?* என்று கடைசியாக ஒன்றை அனுப்பிவிட்டு எழுந்து போனாள்.

அறை வாசலில் மூன்று பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பார்த்துத் திட்டினாள். அக்கா இருக்கிறாள் என்ற திமிரா, இன்னும் மூன்று பேர் நிற்பது தெரியவில்லையா, வெட்கமாக இல்லையா என்று இரண்டு நிமிடம் விடாமல் திட்டினாள். வரிசையில் முதலில் நின்ற கண்ணாடிக்காரப் பெண் உள்ளே போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் பக்கவாட்டில் சரிந்தான்.

“ஒரு கால் மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்” என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து, “நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சும்மா, தூக்கத்துலயே போயிட்டான்” என்றாள். தன் போனிலிருந்து ஐந்து மெசேஜையும் அழித்துவிட்டாள். அவன் போனில் அவை அப்படியே இருந்தன.

முதல் வண்டி ஆட்கள் வந்து, பூ வைத்து, தலை குனிந்து நின்று, போய்விட்டார்கள். அந்தச் சந்தடியில் அக்கா படுக்கையறைக்குள் நுழைந்து பையைக் கிளறினாள். சட்டை இருந்தது. பெல்ட் இருந்தது. ஒரு செருப்புதான் இருந்தது, இன்னொன்று ஆஸ்பத்திரியிலேயே தவறிப்போயிருக்க வேண்டும். அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழ நேரமில்லை. போனைக் காணோம்.

சமையலறையில் இருந்தது. தம்பி மனைவி குழாயடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேடைமேல் போன் சார்ஜில் கிடந்தது. அக்கா சத்தமில்லாமல் போய்க் கையை நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஏறட்டும் அண்ணி” என்றாள் அவள், திரும்பாமலே. “ராத்திரி முழுக்கப் படிச்சதுல சார்ஜே தீந்துபோச்சு.”

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

“நீங்க அனுப்புன நாலு. அவர் அனுப்புன ஒண்ணு. அஞ்சும் படிச்சேன்.”

“கடவுள் சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. விளையாடறான்னு நெனச்சேன்.”

“அவரு என்னிக்கு உங்ககிட்ட விளையாடியிருக்காரு?”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி அதை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்ணாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது அதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“அம்மாகிட்ட சொல்லிடாதம்மா. உன் கால்ல விழறேன். நான்தான்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. அவங்களும் போயிடுவாங்க.”

“அதத்தான் நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்” என்றாள். போனை எடுத்துப் பூட்டைத் திறந்து நீட்டினாள். “இந்தாங்க. நீங்களே அழிச்சிடுங்க.”

அக்கா நம்ப முடியாமல் வாங்கினாள். ஒவ்வொன்றாக அழித்தாள். அவனுடையதை அழிக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றாள். பிறகு அதுவும் போயிற்று.

“அஞ்சும் போச்சா?”

“போச்சும்மா. நீ நல்லா இருப்ப. இந்த ஜென்மத்துக்கும் உன்ன மறக்க மாட்டேன்.” சொல்லும்போதே அவளுக்குத் தலைப்பாரம் இறங்கினாற்போல இருந்தது. இனி அவனுக்காக நிம்மதியாக அழலாம் என்றுகூடத் தோன்றியது.

“சரி, வாங்க” என்று அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போனாள் தம்பி மனைவி. அம்மா அருகில் உட்காரவைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அத்தை, அண்ணி உங்ககிட்ட ஒண்ண மறச்சுட்டாங்க. இப்பதான் எங்கிட்ட சொன்னாங்க. அவரு தூக்கத்துல போகலியாம். நெஞ்சு வலின்னதும் ‘அக்கா கொஞ்சம் வாயேன்’னு கூப்பிட்டாராம். அண்ணி போட்டது போட்டபடி ஓடுனாங்களாம். இவங்க மடியிலதான் உசுரு போயிருக்கு.”

அம்மா மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள்.

“நெசமாவா? ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் அத்தை” என்றாள் மருமகள், முந்திக்கொண்டு.

அக்கா வாயைத் திறந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “அனாதையாப் போயிட்டானேன்னு நேத்துலேந்து வெந்துட்டு இருந்தேன் கண்ணு. நீ இருந்தியா கூட? அது போதும். அந்தப் புண்ணியம் ஒனக்கு உண்டு.” மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: “கடைசியா என்ன சொன்னான்?”

அக்கா தம்பி மனைவியைப் பார்த்தாள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கேட்பதற்கென்று வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லுங்க அண்ணி.”

“அம்மாவப் பாத்துக்கோன்னான்.”

அம்மா ஓவென்று அழுதாள். அது துக்கம்தான், ஆனால் நேற்றைய அழுகை இல்லை. உள்ளே எங்கோ குளிர்ந்த அழுகை. பக்கத்து வீட்டுக்காரியும் மூக்கைச் சிந்தினாள். சற்று முன் முணுமுணுத்ததற்கு வெட்கப்பட்டு நகர்ந்து வந்து அக்காவின் முதுகைத் தடவினாள்.

“என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்றாள் தம்பி மனைவி.

“சொன்னான்.”

“என்னன்னு?”

“அவ பாவம்னான்.”

“வேற?”

“நல்லவன்னான். தனியா விட்டுடாதன்னான்.”

“வலிக்குதுன்னு சொன்னாரா?”

“இல்ல. வலிக்கலன்னான்.”

“அவர் தலைய நீங்கதான் புடிச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

“ஆமா.”

“எந்தக் கையால?”

அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். அம்மா அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துத் தடவத் தொடங்கினாள்.

வாசலில் வண்டி நின்றது. இரண்டாவது தடவை ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நான்காவதாக வந்தவள் அந்தக் கண்ணாடிக்காரப் பெண். பூவை வைத்துவிட்டு ஒதுங்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

“ஆபீஸ் பிள்ளைங்களா? உக்காருங்கம்மா. என் பையன் இவ மடியிலதான் போனான், தெரியுமா? கூப்பிட்டதும் ஓடியிருக்கா என் பொண்ணு. நீ சொல்லு கண்ணு, இவங்களும் கேக்கட்டும்.”

கண்ணாடிக்காரப் பெண் அக்காவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்தபடி, தரையில் உட்கார்ந்தாள். மற்ற ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தம்பி மனைவி எழுந்து உள்ளே போனாள். கழுவி வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

“குடிச்சுக்கோங்க அண்ணி. மூணு மணி வரைக்கும் ஆள் வரும்.”