நோட்டில் இல்லாத தண்ணீர்

கிணற்றுத் தண்ணீர் கரித்தது. அதைப் பாய்ச்சிய கத்தரிச் செடிகளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துகொண்டே வந்தது. இந்த முறையும் காய் பிடிக்காவிட்டால் முப்பது சென்ட்டையும் சர்தார் பாஷாவின் தோல் குடோனுக்கு விட்டுவிடுவதாக ஆதிகேசவன் சொல்லிவிட்டார்.

அவர் மகள் சௌந்தர்யாவுக்குப் பகலில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷின், மாலையில் விவசாய வகுப்பு. உப்பு ஏறிய மண்ணில் வேர் சத்தை இழுக்கத் திணறும், இலை வழியாகக் கொடுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வரிசைக்கு மட்டும் தெளித்துப் பார்த்தாள். லிட்டருக்குப் பத்து கிராம் பொட்டாசியம் நைட்ரேட். வெயில் தாழ்ந்த பிறகு. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, சரிதானா என்று மூன்று முறை படித்தாள்.

பத்தாம் நாள் அந்த நான்கு வரிசையிலும் துளிர்விட்டு, பூவும் வைத்திருந்தது.

"இன்னாம்மா, மந்திரம் கிந்திரம் போட்டியா?" ஆதிகேசவன் குனிந்து குனிந்து பார்த்தார்.

"நோட்ல இருக்கறதுதாம்பா. இன்னும் பத்து நாள் பாத்துட்டு மிச்சத்துக்கு அடிக்கலாம்."

அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவள் வகுப்பில் இருந்த நேரம், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அளவு பிசகாமல் எல்லா வரிசைக்கும் அடித்தார். அந்த நான்கையும் விடவில்லை.

மூன்றே நாளில் இலைகள் மொடமொடத்தன. பூ உதிர்ந்து கிடந்தது.

"எந்தத் தண்ணில கலந்தப்பா?"

"கெணத்துத் தண்ணிதான். வேற எது?"

"நான் கேன் தண்ணில கலந்தேன்."

"குடிக்கிற தண்ணியையா? அத எவனாச்சும் செடிக்கு ஊத்துவானா?" நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோட்ல இல்லியேம்மா" என்றார்.

இல்லைதான். உப்புத் தண்ணீரை இலைமேல் அடிக்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று விட்டிருந்தாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போய் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்தார் பாஷா நிலத்தை அளக்க டேப்போடு வந்தார். "பேஜார் ஆவாதீங்க, கேசவண்ணா."

ஆதிகேசவன் வரப்பை விட்டு இறங்கவில்லை. டேப்பின் மறுமுனையைச் சௌந்தர்யா வாங்கிக்கொண்டு, செடிகளை மிதிக்காமல் வரிசைக்கு நடுவே நடந்தாள்.

"மிதிச்சிக்கினே போம்மா, பரவால்ல" என்றார் பாஷா.

அவள் மிதிக்கவில்லை. எல்லைக்கல்லின் அருகே டேப்பை இழுத்துப் பிடித்து, "நூத்திப்பத்து அடி" என்றாள். சரிதானா என்று குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். நூற்றுப்பத்துதான்.