சகலையின் நாலு கட்டம்

பெண்டாட்டியின் தங்கை புருஷன் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுகிற மனிதர்கள் எங்காவது இருக்கலாம். வரைபடக்காரர் அந்த ரகமில்லை. பம்பு கம்பெனியில் இயந்திரப் படம் வரைவது அவர் பிழைப்பு. மிச்ச நேரத்தில், எந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று படம் போட்டுத் தன் வலைப்பூவில் ஏற்றுவார். அதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூட வாத்தியாரான சகலையும் ஒரு வலைப்பூ தொடங்கினார். நாலு கட்டம், இரண்டு அம்பு, பெரிய பெரிய எழுத்து. அதையெல்லாம் படமென்று சொல்லவே வரைபடக்காரருக்கு நா கூசியது. ஆனால் ஊரே அதைத்தான் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. இவரோ தன் பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும், டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் ரத்தம் போய்த் திரும்பும் வழிக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். தங்கை வீட்டிலும் சொல்லியிருக்கிறாளாம். அது போதாதா? வரைபடக்காரர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரு வால்வு, ஒரு திருகு விடவில்லை. வலைப்பூவில் ஏற்றும்போது மட்டும், சகலை சுட்டுவிடுவானோ என்ற வழக்கமான பயம் வந்தது. படத்தைச் சுருக்கி, குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார். பெயர் போடாத பெரிய படத்தை மனைவி கேட்டதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். அவளிடம் கொடுத்தால் தங்கை வீட்டுக்குப் போகாது என்று என்ன நிச்சயம்? வலைப்பூவிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பார்வையாளர் கணக்கிலாவது ஒன்று கூடும்.

பாடம் நடந்த அன்று, தன் படம் திரையில் ஜொலிப்பதைக் காண ஆசையாக ஆஸ்பத்திரிக்குப் போய், வகுப்பறையின் பின்வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். திரையில் நாலு கட்டம். சிவப்பில் ஓர் அம்பு, நீலத்தில் ஓர் அம்பு. நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. ஊர் துரோகம் செய்தால் தாங்கலாம், கட்டியவளே செய்தால்?

பாடம் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்தார். கதவைச் சாத்தியதும்தான் கேட்டார்.

“நீயே அவன் படத்தப் போட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய தலை காட்டுறது?”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“உங்க படத்தத்தாங்க மொதல்ல போட்டேன். கடைசி வரிசைல இருந்த பொண்ண எழுப்பி, என்ன தெரியுதுன்னு கேட்டேன். உங்க பேர வாசிச்சுட்டு உக்காந்துட்டா.”