பலகை எடுத்த நாள்

ராயபுரத்துப் பக்கம் எங்கள் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றும் வேலை ஆரம்பித்தபோது, சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் சில பேருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வருஷ மழையில் பிளாட்பாரத்தை ஒட்டின லைனுக்கு அடியில் தண்ணீர் நின்று, ஜல்லியெல்லாம் சேறாகி, தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் உளுத்துப்போயின. அந்த லைனையே மூடிவிட்டார்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் வண்டிகளைப் பக்கத்து கூட்ஸ் லைனில் திருப்பிவிட்டார்கள். கூட்ஸ் லைனுக்கு ஏது பிளாட்பாரம்? ஆகவே வண்டி இங்கே நிற்காது, பொதுஜனங்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளவும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு மாதத்தில் வேலை முடியும் என்றும் அதிலேயே போட்டிருந்தது. அந்த வரியைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

ஆனால் எங்கள் ஜனம் நோட்டீஸுக்கு மசிகிற ஜனமா? கூட்ஸ் லைனும் உருப்படியாக இல்லை. அதிலும் கட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் டிரைவர் மெதுவாகப் போக வேண்டும் என்று ஒரு மஞ்சள் பலகையை நட்டு வைத்திருந்தார்கள். பலகையைக் கண்டதும் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அவ்வளவு போதாதா? ஹார்பர் கூலிகள், மீன்கூடைக்காரிகள், கோட்டு போட்ட வாத்தியார் வரைக்கும் ஜல்லியில் இறங்கி நடையைக் கட்டினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விடுவார். பார்த்தால் தடுக்க வேண்டும், தடுத்தால் சண்டை.

அப்படி இறங்குகிறவர்களில் சொக்கம்மாளும் ஒருத்தி. திருவொற்றியூரில் வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டு கேரியர்களை வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டு, ஹார்பரில் வேலை செய்கிற ஆண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மத்தியானச் சங்கு ஊதும்போது கூடை கேட்டில் இருக்க வேண்டும். மறு சங்கு ஊதினால் அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். சாப்பிட்டவன் சாப்பிட்டான், சாப்பிடாதவன் பட்டினி. புருஷன் போன பிறகு அவளும் மகள் சிவந்தியும் உயிர் வைத்திருந்தது இந்தக் கூடையால்தான்.

தண்டவாளம் மாற்றுகிற கேங்குக்கு மேஸ்திரி அவளுடைய அண்ணன் லட்சுமணன். ஊர்ந்து வரும் வண்டியின் வாசற்படியில் அவள் உட்கார்ந்திருப்பாள். கேங்கு ஆள் வரதன் வண்டியோடு கூடவே நடந்து கூடையை வாங்கிக்கொள்வான். பிறகு அவள் கம்பியைப் பிடித்து இறங்குவாள். எப்போதும் கூடைதான் முதலில். கை காலியாக இருந்தால்தானே கம்பியைப் பிடிக்க முடியும்?

பலகையை எடுக்கப்போகிறார்கள் என்று இதற்குள் மூன்று முறை பேச்சு வந்துவிட்டது. மூன்று முறையும் லட்சுமணன் தங்கையிடம் சொன்னான். மூன்று முறையும் அவள் பயந்துகொண்டு பீச் வரைக்கும் போய், கனத்த கூடையோடு வெயிலில் திரும்பி ஓடிவந்தாள். ஒவ்வொரு முறையும் வேலை தள்ளிப்போயிற்று. ஒரு தடவை ஜல்லி வரவில்லை, ஒரு தடவை கட்டை வரவில்லை, ஒரு தடவை இன்ஸ்பெக்டருக்குக் காய்ச்சல். வண்டி பழையபடியே ஊர்ந்து போக, அவள் கூடை மட்டும் லேட். கேட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நாலாவது தடவை சொல்ல லட்சுமணன் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போனான்.

“சொக்கு, நாளைலேர்ந்து பலகை கெடையாது. வண்டி மெதுவா போவாது. நீ பீச்சுல எறங்கி வந்துரு.”

“போன தபாவும் இத்ததான் சொன்னே. உன் பேச்சக் கேட்டு நாய் மாரி ஓடியாந்தேன். இன்னா ஆச்சு? ஹார்பர் கேட்ல காஜா மொய்தீன் அண்ணன் மூஞ்சில அட்ச்சா மாரி சொல்ட்டாரு. இன்னொரு நாள் லேட்டானா எல்லாம் கேன்டீனுக்குப் பூடுவாங்களாம். அப்புறம் நானும் சிவந்தியும் இன்னாத்த துன்றது?”

“இந்த தபா நெசம்மே. கட்டையெல்லாம் மாத்தியாச்சு. இன்ஸ்பெக்டரு வந்து பாத்துட்டுப் பூட்டாரு.”

“பிளாட்பாரம் லைனு முட்ஞ்சுதா?”

“அது ஆவும் இன்னும் பத்து நாளு.”

“அத்த முடிக்காம இத்த எத்துக்கு எடுக்கறாங்க? உங்க ரயில்வேகாரங்க சொன்ன நாள்ல என்னிக்கினா ஒரு வேல முட்ச்சிகீறாங்களா, நீயே சொல்லு அண்ணாத்தே.”

லட்சுமணனின் சர்வீஸிலேயே அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னாரே தவிர, காலையில் ஏதாவது ஒரு தந்தி வந்து மறுபடியும் தள்ளிப்போகும் என்று அவனுக்கே உள்ளூர ஒரு நினைப்பு. அந்த நினைப்பு அவன் குரலில் இருந்திருக்க வேண்டும். அவள் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தந்தி எதுவும் வரவில்லை. மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் எதிரிலேயே பலகையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். லட்சுமணன் நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனான்.

“சார், வண்டி இனிமே மெதுவா போவாதுன்னு திருவொற்றியூர்ல சொல்லி ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொல்லுங்க சார். ஜனம் எறங்கறதுக்கு ரெடியா வரும்.”

“எங்கே இறங்க?” என்றார் அவர். “இங்கே இறங்கக்கூடாதுன்னு ஏற்கெனவே நோட்டீஸ் இருக்கு. யாரும் இறங்காத இடத்துல இனிமே இறங்காதீங்கன்னு எப்படிய்யா எழுதறது? எழுதினா, இத்தனை நாளா பார்த்துக்கிட்டு சும்மா இருந்தியான்னு என்னைத்தான் கேட்பாங்க.”

நியாயமான பேச்சுதான். இல்லாத நிறுத்தத்தை யார் ரத்து செய்ய முடியும்? அந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

லட்சுமணன் தன்னால் ஆனதைச் செய்தான். காலை வண்டிகள் வரும்போதெல்லாம் லைன் ஓரமாக நின்று, “எறங்காதே, எறங்காதே!” என்று கத்தினான். கூலிகள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். தரை ஓடுகிற ஓட்டத்தைக் கண்டு உள்ளே போனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் அவர்கள் யார் கையிலும் கூடை இல்லை.

சொக்கம்மாள் வருகிற வண்டி வந்தது. அவள் கடைசிப் பெட்டியின் வாசற்படியில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி வேகமாகத்தான் வந்தது. இதோ இப்போது பிரேக் போடுவான் என்று அவள் நினைத்திருப்பாள். இத்தனை நாளும் போட்டானே. லட்சுமணன் கத்தியது எஞ்சின் சத்தத்தில் அவன் காதிலேயே விழவில்லை. அக்குளில் சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கொடியை உருவி விரித்தான். எஞ்சின் அதற்குள் அவனைத் தாண்டிவிட்டிருந்தது.

வரதன் பக்கத்து லைனில் ஜல்லி அடித்துக்கொண்டிருந்தவன். கூடையைக் கண்டதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து கை நீட்டிவிட்டான். பலகையைப் பிடுங்கினவர்களில் அவனும் ஒருவன்தான். ஆனாலும் கை நீண்டுவிட்டது. அந்தக் கையைப் பார்த்து அவளும் கூடையைக் கொடுத்துவிட்டாள். கூடை அவன் மார்பில் மோதி அவனை மல்லாக்கத் தள்ளியது. கேரியர்கள் ஜல்லியில் உருண்டன. ஊரார் வீட்டுச் சோறு அப்படிக் கிடக்க, அவள் மட்டும் வண்டியில் உட்கார்ந்து பீச்சுக்குப் போவாளா? குதித்துவிட்டாள். கால் வழுக்கிச் சக்கரத்தடியில் போய்விட்டது.

லட்சுமணன் ஓடிப்போய் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

“சோறு கொட்டிப் பூட்ச்சா அண்ணாத்தே?”

“கொஞ்சந்தான். நீ பேசாதே.”

“சங்கு ஊதறதுக்குள்ள குட்த்துரு. லேட்டானா பூடுவாங்க.”

“அத்த விட்டுத் தள்ளு, நான் உன்கூட வரேன்.”

“நீ போ,” என்றாள். அவன் சட்டையைப் பிடித்திருந்த கையை அவளே விட்டாள். “வரதன் வருவான். நீ போ அண்ணாத்தே.”

கைவண்டி ஒன்று கிடைத்தது. வரதனும் கேங்கு ஆட்களும் அவளை அதில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கூடையில் அள்ளிப்போட்ட கேரியர்களோடு லட்சுமணன் எதிர்த்திசையில் ஓடினான். தங்கையை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டு இவன் எப்படிப் போனான் என்று பின்னால் தெருவில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் சொன்ன சொல்லைத் தட்ட அன்றைக்கு அவனுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அவன் கேட்டுக்கு வரவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. ஆண்கள் வெளியே வந்தார்கள். நசுங்கின கேரியர்களையும் அவனையும் பார்த்துவிட்டு, “இன்னா மேஸ்திரி, நீ வந்துகீறே? சொக்கம்மா எங்கே?” என்று காஜா மொய்தீன் கேட்டார்.

“வண்டிலேர்ந்து விழுந்துட்டா பாய். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க. நீங்க துன்னுங்க.”

யாருக்கும் கை போகவில்லை. அவன்தான் ஒவ்வொருவர் கையிலும் கேரியரைத் திணித்தான். சோறு கொட்டாமல் இருந்த கேரியர்களைத் திறந்து, இல்லாதவர்களுக்கும் பங்கு வைத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்தார்கள். பாதி சாப்பாட்டில் வரதன் வந்து நின்றான். அவன் ஓடி வரவில்லை, நடந்து வந்தான். லட்சுமணனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

காஜா மொய்தீன் உருட்டின சோற்றைக் கேரியரிலேயே போட்டுவிட்டார். ஒவ்வொருவராகக் கையை உதறினார்கள்.

“போடாதீங்க,” என்றான் லட்சுமணன். “பாய், உன் கால்ல விழறேன், போடாதே. இதுக்கோசரம்தான் அவ எறங்கினா. துன்னுட்டுப் போங்க.”

அவர்கள் சாப்பிட்டார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மறு சங்கு ஊதியது. வழக்கமாகக் காலிக் கேரியரை அப்படியே கூடையில் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அவர்கள். அன்றைக்குக் குழாயடியில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு கேரியரைக் கழுவித் துடைத்து அவன் கூடையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.