பதினோரு நொடி மாங்காய்

முதலமடையில் கோமதியின் தோப்பில், காம்பிலிருந்து விடுபட்ட மாங்காய் தரையைத் தொடப் பதினோரு நொடி ஆகிறது. வேலிக்கு அந்தப் பக்கம், அதே உயரத்து மரத்தில், ஒன்றரை நொடிதான். சந்தேகம் உள்ளவர்கள் மாசி, பங்குனியில் காலை எட்டு மணிக்கு மேல் வந்து கைபேசியில் நேரம் பார்த்துக்கொள்ளலாம், பலரும் பார்த்தாயிற்று. வியாபாரிகள் அடிபடாத காய் என்று பாராட்டுவதோடு சரி, வேறு எதையும் கேட்பதில்லை. லாரி வந்து நிற்கும்போது கேள்வி கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது.

காரணம், கோமதியின் கணவர் பூபதிராஜா செய்த கிட்டார் ஆம்ப்ளிஃபயர். பூபதிராஜா கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர், அதாவது செம்புக் கம்பி சுற்றுகிறவர். கை பழகியிருந்ததால் டிரான்ஸ்ஃபார்மரையும் தானே சுற்றிக்கொள்வார். வண்டிப்பெரியாரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் அமிர்தநாதன், அந்தக் காலத்து ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வுகளைப் போட்டுக் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்தார். பூபதிராஜாவுக்குக் கிட்டார் தெரியாது. சோதித்துப் பார்க்க ஒரு பழைய கிட்டாரை வாங்கி, ஒரே ஒரு தந்தியை ஒழுங்காகத் தட்டக் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் இன்றுவரை கற்கவில்லை.

வால்வுகளுக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பிவிட இரண்டு வழிகள் உண்டு. மிளகு அளவில் இரண்டு டயோடு போடலாம். அல்லது அந்த வேலைக்கும் ஒரு வால்வையே வைக்கலாம். டயோடு சூடாகாது, இடம் அடைக்காது, தந்தியைத் தட்டிய கணமே முழு பலமும் வந்து நிற்கும். புத்திசாலியான பூபதிராஜா டயோடைத்தான் போட்டார். பெட்டியை வாசலில் வைத்துத் தந்தியைத் தட்டினார். எதிரே நின்ற செந்தூர மாமரம் தன்னிடமிருந்த அத்தனை காய்களையும் ஒரே அடியில் கீழே கொட்டியது. கோமதி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“ஏனுங்க, இது பாட்டுங்களா, கல்லெறியறதுங்களா?”

அந்த வாரமே டயோடைக் கழற்றித் தீப்பெட்டியில் போட்டுவிட்டு, அந்த வேலைக்கு ரெக்டிஃபயர் வால்வையே வைத்தார். அது கொஞ்சம் சோம்பேறி. பலமாகத் தட்டினால் மின்னழுத்தம் சற்றே தொய்ந்து, அப்புறம்தான் நிமிரும். ஒலியும் அப்படியே முதலில் பதுங்கி, பிறகு விரிந்து, நீண்டு நிற்கும். இந்த முறை முற்றிய காய்கள் மட்டும் காம்பை விட்டன. ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்வரை மெல்ல மெல்ல இறங்கின. கோமதி கையை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, “இது ஆகுமுங்க” என்றாள்.

ஒரு குறை மட்டும் இருந்தது. இறங்கும் காய்கள் காற்றில் அலைந்து, வேலி தாண்டிப் பக்கத்துத் தோப்பில் போய் உட்கார்ந்தன. அந்தத் தோப்புக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஏன் சொல்லப்போகிறார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் துளி எடுத்து ஆரம்பத்துக்கே திருப்பிக் கொடுக்கும் ஒரு வயர் உண்டு. அதைப் போட்டால் பெட்டி தன் சத்தத்தைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும். முதல் நாள் அந்த வயரைத் தலைமாற்றிக் கொடுத்துவிட்டார். பெட்டி ஊளையிட்டது; கூடையிலிருந்த காய்கள் எழுந்து மரத்துக்கே போய்க் கிளைகளின் இடுக்கில் உட்கார்ந்துகொண்டன. அவற்றை இறக்க அரைநாள் ஆயிற்று. வயரை மாற்றிக் கொடுத்தபின் எல்லாம் நேராக இறங்கின.

இன்னொரு காரியமும் செய்தார், அது வெறும் கைப்பழக்கம். வோல்டேஜ் குறைந்த ஊர் என்பதால், மோட்டார் கிளம்பட்டும் என்று கரண்டைத் தேக்கும் கப்பாசிட்டரை ஒரு சைஸ் பெரியதாகப் போடுவது இந்தப் பக்கத்துக் காயில்காரர்களின் வழக்கம். ஆம்ப்ளிஃபயருக்கு அது தேவையில்லை, விவரம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். பூபதிராஜா ஒன்றுக்கு மூன்றாகவே வைத்தார்.

வால்வு சூடாகாமல் பெட்டி பாடாது. தோசைக்கல் காய்வதைப் போல அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அதனால் அந்த வீட்டில், “பொட்டி காஞ்சுதா?” என்றே கேட்பார்கள்.

இதில் எதையும் ஒப்புக்கொள்ளாதவர் கோமதியின் அப்பா குப்பண்ணன். வயது எழுபத்து நான்கு. பாட்டுப் போட்டுக் காய் இறக்குவது ஆம்பளை செய்கிற வேலையா என்று கேட்டு, உச்சிக்கிளைக் காய்களைத் தானே ஏறிப் பறித்தார். முந்தின வருடக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு அவ்வப்போது தலைசுற்றல் வேறு. அம்மா கமலாத்தாள் போனபின் கோமதிக்கு மிச்சமிருப்பது அப்பா ஒருவர். அவர் ஏறும்போதெல்லாம் அவள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருப்பாள், அடுப்பில் எது தீய்ந்தாலும் நகரமாட்டாள்.

இப்படி மூன்று பருவம் போயிற்று. பெட்டி தயாரா என்று அமிர்தநாதன் ஃபோனில் கேட்டால், இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்பார் பூபதிராஜா. அறுவடை முடியட்டும் என்று அதற்கு அர்த்தம். நான்காவது பங்குனியில் அமிர்தநாதன் பஸ் மாறி மாறி நேரிலேயே வந்துவிட்டார். பெட்டியோடு தன் கிட்டாரை இணைத்து ஒரு பாட்டு வாசித்தார். மூன்று கூடைக் காய்கள் இறங்கின. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கவலை வேறு.

“சத்தம் நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா நான் தட்டுன ஒடனே கேக்கணும்லா? இது யோசிச்சு யோசிச்சுப் பாடுது. பாடகர் குழு ஒரு வரி முன்னால போயிரும். டயோடையே போட்டுக் குடுங்க.”

வாக்குக் கொடுத்தவர் பூபதிராஜா. மனமில்லாமல், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வைத்தார். தீப்பெட்டியைத் தேடி எடுத்தார். அதுவரைக்கும் என்று அமிர்தநாதன் வாசித்துக்கொண்டிருந்தார். காலை பத்தரை மணி. சால்டரிங் அயர்ன் சூடேறியது. பெட்டியை அணைக்கப் பூபதிராஜா கையைக் கொண்டுபோன நேரத்தில், குப்பண்ணன் ஏறியிருந்த செந்தூர மரத்தின் உச்சியில் கிளை முறிந்தது.

“சுச்சுல கைய வெக்காதீங்க! தம்பி, நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க!” என்று கோமதி கத்தினாள்.

அமிர்தநாதன் மேலே பார்த்தார். பார்த்ததும் ஒரே தந்தியைப் பலமாக மீட்டி, ஒலி அறாமல் இருக்கக் கிட்டாரை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்துக்கொண்டார். குப்பண்ணன் நாற்பதடி உயரத்திலிருந்து, கட்டிலில் படுத்திருப்பவர் போல மல்லாந்து இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் வேட்டியைச் சரிசெய்தார். பிறகு கடந்துபோகும் கிளைகளைப் பார்த்தார்.

“கோமதி, இந்தக் கெளையில பூச்சி உளுந்திருக்குது. மருந்தடிக்கோணும்.”

“அப்பா, பேசாம வாங்கப்பா!”

பாதி வழியில் கரண்ட் போயிற்று. வீட்டுக்குள் மின்விசிறியும் ஃபிரிட்ஜும் ஓய்ந்தன. கோமதிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பெட்டி ஓயவில்லை. வால்வுகளில் சூடு இருந்தது. வீணாக வைத்த அந்தப் பெரிய கப்பாசிட்டர்களில் தேக்கிவைத்த கரண்ட் இருந்தது. ஒலி தேய்ந்தது, தேய்ந்தது, ஆனால் அறவில்லை. அது தேயத் தேயக் குப்பண்ணன் கொஞ்சம் வேகம் பிடித்தார். கடைசி ஒரு முழத்தில் சத்தம் முழுசாக நின்றுபோக, சருகுக் குவியலில் பொத்தென்று விழுந்தார்.

எழுந்து உட்கார்ந்து, “போச்சாது, ஒண்ணும் ஆகல. தண்ணி கொண்டா” என்றார்.

கோமதி அவர் கையைக் காலைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அவள் அழுதாள், அழுதபடியே சிரித்தாள், மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. பூபதிராஜா பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று அங்கே மூச்சு நன்றாக வந்தது குப்பண்ணனுக்கு மட்டும்தான். அமிர்தநாதன் கிட்டாரைக் கீழே வைத்தார்.

“அண்ணே, அந்த டயோடு வேண்டாம். இது இங்கனயே இருக்கட்டும். எனக்கு இதே மாதிரி இன்னொண்ணு கட்டுங்க. பாடகர் குழுவப் பையப் பாடச் சொல்லுதேன்.”

அடுத்த வருடம் அவருடைய பெட்டியும் போய்ச் சேர்ந்தது. வண்டிப்பெரியாரில் இப்போது ஆராதனை பத்து நிமிடம் கூடுதலாக நடக்கிறது. திருவிழாவில் தூவும் பூக்கள் ஒரு பாட்டு முடியும்வரை தலைக்கு மேலேயே நிற்கின்றன. யாரும் குறைசொன்னதாகத் தகவல் இல்லை. டயோடு இருந்த தீப்பெட்டி எங்கே போயிற்று என்று கோமதியிடம் கேட்கவேண்டாம்.

குப்பண்ணன் இன்னும் மரம் ஏறுகிறார். கோமதி தடுப்பதில்லை, அடுப்பில் இப்போது எதுவும் தீய்வதுமில்லை. பாட்டுப் போட்டுக் காய் இறக்குவதை அவர் இன்னும் ஒப்புக்கொண்டபாடில்லை. ஆனால் தினமும் மரத்தடியில் ஒரு கையை அடிமரத்தில் வைத்தபடி வீட்டைப் பார்த்துக் கேட்கிறார்.

“மாப்ள, பொட்டி காஞ்சுதா?”

“காஞ்சிருச்சுங்க மாமா.”

ஒரு தந்தி ஒலிக்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் காலைத் தூக்கி முதல் கிளையில் வைக்கிறார்.