தண்ணீர் மணி

காலை பதினொரு மணிக்கு முதல் தண்ணீர் மணி அடிக்கும்.

மூன்று தட்டு, நடுவே இடைவெளி விட்டு. அதைக் கேட்டதும் பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும். மூன்று நிமிடம். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் மறுபடி அடிப்பார்கள்.

பள்ளி, விழுப்புரத்திலிருந்து கெடார் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ரோஸ்லின் அங்கே அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் நலப் பொறுப்பும் அவளுடையது. திண்டிவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். தண்ணீர் மணித் திட்டம் வந்தபோது சுற்றறிக்கையைப் படித்துவிட்டு மற்ற ஆசிரியர்கள் மடித்து வைத்தார்கள். அவள் அதை நம்பினாள். கரும்பலகையில் இரண்டு சிறுநீரகம் வரைந்து, தண்ணீர் இல்லாமல் அவை என்ன பாடு படும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னாள்.

ஜூலையிலும் வெயில் இறங்கவில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் போட்ட கீரைப் பாத்திகள் காய்ந்தன. ஒன்பதாம் வகுப்பு ஜன்னலை ஒட்டிய பாத்தி மட்டும் செழித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ரோஸ்லின் ஆசிரியர் கழிப்பறைக்குப் போய்விட்டு அந்தப் பக்கமாக வந்தாள். மூன்று மணி அடித்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. கையில் நீலப் பாட்டில். தண்ணீர் கீரை மேல் விழுந்தது. பிறகு இன்னொரு கை.

வகுப்புக்குள் போய்க் கேட்டாள்.

“எத்தனை நாளா நடக்குது இது?”

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பாட்டில்களை மூடினார்கள். கடைசியில் மலர்விழி எழுந்தாள். அந்த வகுப்புக்கு வாய் அவள்தான்.

“கீரைக்கும் தாகம் எடுக்குமில்ல டீச்சர்.”

“உனக்குப் பதிலா கீரை வந்து பரீட்சை எழுதுமா?”

“எழுதினா என்னவிட நல்லா எழுதும் டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. ரோஸ்லினுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“ஒக்காரு. நாளையிலேர்ந்து பொண்ணுங்க எல்லாம் மணி அடிச்சதும் வராண்டாவுக்கு வரணும். என் எதிர்ல குடிக்கணும்.”

மறுநாள் மார்க்கர் கொண்டுவந்து எல்லாப் பாட்டில்களிலும் பாதியில் கோடு போட்டாள். கோடு வரைக்கும் குடித்தால்தான் உள்ளே போகலாம். முகம் சுளித்தார்கள். “நாங்க இன்னா மாடா டீச்சர்?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டாள். ஆனாலும் குடித்தார்கள்.

சகாயசெல்வி முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் உட்காரும் பெண். சொன்னதைச் செய்வாள், ஏன் என்று கேட்க மாட்டாள். முதலில் குடித்து முடித்துப் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருக்கும்.

“செல்வியப் பாருங்க” என்பாள் ரோஸ்லின்.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளைப் பாட்டிலோடு நிறுத்திப் போட்டோ எடுத்தாள். செல்வி முன்வரிசையில் நின்றாள். தலைமை ஆசிரியர் ஆனந்தராஜ் அதை மாவட்ட வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து நான்கு பேர் கை தட்டினார்கள்.

மூன்றாவது வாரம் செல்வி வரவில்லை. நான்காம் நாள் மலர்விழி சொன்னாள்.

“குளிர் ஜொரம் டீச்சர். வாந்தி எடுத்துக்கினே இருந்திச்சாம். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரில சேத்துக்கீறாங்க.”

பள்ளி விட்டதும் ரோஸ்லின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் டிரிப்ஸ். அவள் அம்மா சவுரியம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். களை எடுக்கப் போகிற வேலையை விட்டு நான்கு நாளாக அங்கேயே இருந்தாள். ரோஸ்லினைப் பார்த்ததும் ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“ஒக்காருங்க டீச்சர். எப்பவும் உங்க பேச்சுதான் இதுக்கு. டீச்சர் சொன்னாங்கன்னு வூட்லகூட தண்ணி குடிச்சிக்கினே இருக்கும்.”

டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். காகிதங்களைப் புரட்டினார். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறிவிட்டது என்றார். இன்னும் சில நாள் ஊசி போட வேண்டும். பிறகு செல்வியின் பக்கம் குனிந்தார்.

“காலைல வீட்லேர்ந்து எத்தனை மணிக்குக் கெளம்புவ?”

“எட்டு.”

“திரும்பி வர்றது?”

“அஞ்சேகால்.”

“நடுவுல எத்தனை தடவை யூரின் போவ?”

செல்வி டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தாள்.

“போவ மாட்டேன்.”

“ஒரு தடவைகூடவா?”

“பூட்டி வச்சிருப்பாங்க.”

“சாவி யார்கிட்ட இருக்கு?”

“ஹெச்.எம். சார் டேபிள்ல.”

“கேக்க வேண்டியதுதானே?”

செல்வி முதல் முறையாக ரோஸ்லினைப் பார்த்தாள்.

“சாரையா?” என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று சவுரியம்மாளிடம் சொன்னார். “நீங்க ஸ்கூல் டீச்சரா?” என்று ரோஸ்லினைக் கேட்டார். ரோஸ்லின் ஆமாம் என்றாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சவுரியம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தபோது செல்வி மெல்லச் சொன்னாள்.

“நானுந்தான் கீரைக்கு ஊத்திக்கினு இருந்தேன் டீச்சர். நீங்க சொன்னப்பறம் ஊத்தல. பெரிய கஷ்டம் ஒண்ணுமில்ல. மூணு மணிக்குக் குடிக்கறதுதான் கொஞ்சம். பஸ்ஸு குலுக்கும்.”

ரோஸ்லின் அவள் நெற்றியில் கை வைத்தாள். இன்னும் சுட்டது.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் ஆனந்தராஜின் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் கழிப்பறை நாறியது. யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். தலைமை ஆசிரியர்கள் கூட்டத்தில் இருநூறு பேர் முன்னால் அவரை எழுப்பி நிறுத்திப் பேசினார்கள். இங்கே பெண்களுக்கென்று நான்கு அறைகளோடு புதிதாகக் கட்டிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வாராவாரம் திங்கட்கிழமை அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். சுத்தம் செய்யும் சின்னபொண்ணு காலை எட்டுக்கு வந்து பத்துக்குப் போய்விடுவாள். கழிப்பறையை அவள் கூட்டியதுமே, பிள்ளைகள் வருமுன் அவர் பூட்டிவிடுவார்.

“பொண்ணுக்கு எப்படி இருக்கு?”

ரோஸ்லின் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேட்டா குடுக்காமலா இருப்பேன் டீச்சர்? சாவி இங்கதான இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு பொண்ணுகூட வந்து கேட்டதில்ல. யாருக்கும் தேவைப்படலன்னுதான நான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

“உங்க பொண்ணா இருந்தா உங்ககிட்ட வந்து கேக்குமா சார்?”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். சாவியை எடுத்து மேசை மேல் நகர்த்தினார்.

“போட்டோ நல்லா வரலன்னா கூட்டத்துல நான்தான் நிக்கணும்.”

“நானும் வந்து நிக்கிறேன் சார்.”

பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தாள். கழிப்பறைக்குள் தரை உலர்ந்து கிடந்தது. பீங்கான்களில் கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருந்தது.

அன்று யாரும் போகவில்லை. மறுநாள் மலர்விழி போனாள். உடனே திரும்பி வந்தாள்.

“கொழா பேருக்குத்தான் கீது டீச்சர். தண்ணி வரல.”

தொட்டிக்குப் போகும் வால்வு திறக்கப்படவே இல்லை. சின்னபொண்ணு கல்லால் தட்டித் திறந்தாள். வெள்ளிக்கிழமை இடைவேளையில் வெளியே வரிசை நின்றது. உள்ளே போனவளின் துப்பட்டாவை அடுத்தவள் வைத்துக்கொண்டு நின்றாள். ஜல்தி, ஜல்தி என்று கதவைத் தட்டினார்கள். திங்கட்கிழமைப் போட்டோவில் தரை ஈரமாக இருந்தது. சேற்றுக் கால்தடம் தெரிந்தது. ரோஸ்லின் அதையே அனுப்பச் சொன்னாள். குழுவில் யாரும் கை தட்டவில்லை.

செல்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. பத்து நாள் ஆகியும் பள்ளிக்கு வரவில்லை. சனிக்கிழமை ரோஸ்லின் வீடு தேடிப் போனாள்.

சவுரியம்மாளும் செல்வியும் வாசலில் சாக்கை விரித்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். விதைக் கடலைக்கு. செல்வி இளைத்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். அம்மா உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தாள்.

“திங்கக்கெழமைலேர்ந்து அனுப்புங்கம்மா. பாடம் விட்டதெல்லாம் நான் சொல்லித் தர்றேன்.”

“இல்ல டீச்சர். பெருமுக்கல்ல எங்கக்கா கீது. தையல் மிஷின் வச்சிருக்கு. அங்க வுடப்போறேன்.”

“ஒம்பதாவதோட நிறுத்துவீங்களா? நல்லாப் படிக்கிற பொண்ணு.”

“படிக்கும். சொன்ன பேச்சும் கேக்கும். அதான் டீச்சர் எனக்குப் பேஜாரே. மலரு மாதிரி எதுத்துப் பேசற பொண்ணா இருந்தா நான் பயப்பட மாட்டேன். இது குடின்னா குடிக்கும். அடக்குன்னு யாரும் சொல்லாமலே அடக்கும்.”

“நான் தையலுக்குப் போவல” என்றாள் செல்வி, மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டே.

“நீ சும்மா இரு.”

“இப்ப பூட்டு கிடையாதும்மா” என்றாள் ரோஸ்லின். “நானே கழட்டிட்டேன். தண்ணி வருது. எல்லாப் பொண்ணுங்களும் போறாங்க.”

“மலரு வந்து சொல்லிச்சி. நல்லது.” சவுரியம்மாள் ஒரு காயை உடைத்தாள். “எம்பொண்ணு படுத்தப்பறம் தொறந்தீங்க.”

“தப்புதான். எங்க மேலதான் தப்பு.”

“தப்புன்னு நான் சொல்லல டீச்சர். நீங்க வந்து பாத்தீங்க. ஆஸ்பத்திரிக்கு வேற யாரும் வரல.”

“எனக்குத் தெரியாமப் போச்சிம்மா. பூட்டப் பாத்திருக்கேன். இன்டர்வெல்ல தொறந்து வுடுவாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். பொண்ணுங்க போறாங்களா இல்லையான்னு எனக்குத் தோணவே இல்ல.”

சவுரியம்மாளின் கை நின்றது. செல்வியும் நிமிர்ந்து பார்த்தாள். சவுரியம்மாளின் முகத்தில் கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

“நீங்களும் காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் அங்கதான டீச்சர் கீறீங்க. நீங்க எங்க போவீங்க?”