டாரியஸ் தேடாத கட்டு

என் நிரலில் பிழை என்று டாரியஸ் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது நான் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

"சாரி காய்ஸ். எல்லாக் கட்டும் தேடி முடிச்சாச்சு, சாவி இல்ல. செரினா கோட்ல எங்கயோ தப்பு லா."

கீழே அழுமூஞ்சிப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு பழைய கையடக்க விளையாட்டுக் கருவி. அதைச் செய்த நிறுவனம் கடையை மூடிவிட, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. பூட்டுக்குச் சாவி ஒரு நீளமான எண். ஒரு கணினி தனியாகத் தேடினால் ஆயுசு போதாது. அதனால் எண்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, அவரவர் வீட்டுக் கணினியில் தேடினோம். பிரித்துக் கொடுக்கும் நிரலை எழுதியது நான்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியதும் நான்தான். அப்பா சாங்கியில் விமானத்துக்குச் சரக்கு ஏற்றுகிறார். சிபாரிசு செய்ய எனக்கு எந்த மாமாவும் கிடையாது. கணினிப் பாதுகாப்பு வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் காட்ட என்னிடம் இருந்தது இந்த நிரல் மட்டும். அதைத்தான் அவன் ஒரு வரியில் குப்பையில் போட்டான்.

டாரியஸ் காத்தோங் தனிவீட்டுப் பணக்காரப் பிள்ளை. அதிகம் தேடியவர்கள் பட்டியலில் எப்போதும் முதலிடம். ஒரே கட்டை இரண்டு பேரிடம் கொடுத்துச் சரிபார்ப்போம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். "நம்ம ஆளுங்களையே சந்தேகப்பட்டா எப்படி லா? டபுள் டைம் ஆகும்," என்றான். எல்லாரும் அவன் பக்கம் கை தூக்கினார்கள்.

என் கணினி அம்மாவின் கட்டிலை ஒட்டி ஓடியது. அம்மா அதைத் திட்டிக்கொண்டே, பின்னால் வரும் சூட்டில் துணி காயப்போடுவார்.

எண்ணைச் சோதிப்பது இரண்டு படி. முதல் படியைத் தற்செயலாகத் தாண்டி இரண்டாவதில் தோற்கும் எண்கள் ஒவ்வொரு கட்டிலும் சில இருக்கும். அவற்றை அரைப்பொருத்தம் என்போம். இருக்கட்டுமே என்று அவற்றையும் பதிந்துவைக்கும்படி எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் மீனை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். குழு நண்பன் ரிஸ்வானின் கட்டுகளில் இருந்தன. என்னுடையவற்றிலும் இருந்தன. ரிஸ்வான் பட்டியலில் டாரியஸை நெருங்கத் தொடங்கிய பிறகு டாரியஸ் அனுப்பிய கட்டுகளில் மட்டும் ஒன்றுகூட இல்லை. தேடாமலே 'இல்லை' என்று அனுப்பியிருக்கிறான். முதலிடம் போய்விடக் கூடாதாம்.

பஃப்ளோ ரோடு கோப்பிக்கடையில் நேரிலேயே கேட்டேன்.

"நீ தேடவே இல்ல."

"ஓவரா பேசாத. மெஷின் ஓடிச்சு."

"என்ன ஓடிச்சு? உன் கேமா?"

ரிஸ்வானுக்குத் தே தாரிக் புரையேறியது. டாரியஸ் சிரிக்கவில்லை. "ப்ரூவ் பண்ணு. டிகிரி வச்சிருக்கல்ல?"

"உன்கிட்டயும்தான் இருக்கு."

"எங்க வீட்ல எல்லார்கிட்டயும் இருக்கு," என்றான்.

அவன் கட்டுகளை நானும் ரிஸ்வானும் மறுபடி ஓட்டினோம். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் என் திரையில் சாவி நிற்கிறது. டாரியஸ் 'இல்லை' என்ற கட்டில். கருவியில் போட்டேன், திறந்தது. "பாட்டெல்லாம் வருதே," என்றார் அம்மா.

சாவியையும், அது எந்தக் கட்டு, முதலில் யார் தேடியதாகச் சொன்னது என்பதையும் குழுவில் போட்டேன். டாரியஸ் உடனே எங்கள் இணையப் பக்கத்தில் அறிவிப்பு ஏற்றினான். டாரியஸும் குழுவினரும் பூட்டைத் திறந்துவிட்டார்களாம். நிரலில் இருந்த பிழையைச் செரினா திருத்திக் கொடுத்தாளாம். இப்போது கைதட்டும் பொம்மைகள்.

ரிஸ்வானை அழைத்தேன். "அதான் திறந்துடுச்சே, விடு லா," என்றான். "சண்டை போட்டா உன் பேருதான் கெடும்."

"இப்ப மட்டும் நல்லா இருக்கா?"



அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் நான் விண்ணப்பித்த இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டவர் உமாமகேஸ்வரி என்ற மேலாளர். கொஞ்ச நேரத்தில் அன்பாகத் தமிழுக்கு மாறினார். "உங்க மிஸ்டேக்க நீங்களே கண்டுபிடிச்சு ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதான் எங்களுக்குப் பிடிச்சது."

தலையாட்டினால் போதும். மகளுக்கு வேலை கிடைக்கப்போகிறது என்று அப்பா சரக்குக் கொட்டகை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

"என் மிஸ்டேக் இல்ல மேடம். ஒருத்தன் தேடாமலே தேடிட்டேன்னு பொய் சொன்னான்."

அவர் பேனாவை மூடினார். "டீம்னா இதெல்லாம் வரும்மா. கொஞ்சம் சாஃப்டா சொல்லக் கத்துக்கணும்."

"சாஃப்டா சொன்னா அது என் தப்பாயிடுது மேடம்."

வீடு சேரும்போது நல்ல மழை. சாவி கிடைத்ததிலிருந்து கணினியை அணைத்தே வைத்திருந்தேன். அம்மா கையில் அப்பாவின் ஈரச் சீருடை.

"என்னடி சொன்னாங்க?"

"எடுக்க மாட்டாங்கம்மா."

அம்மா சட்டையை இன்னொரு தடவை உதறினார். "சரி, அந்தப் பெட்டியப் போடு. அப்பாவுக்குக் காலையில ஷிப்ட்."

போட்டேன். டாரியஸ் தேடாமல் விட்ட கட்டுகள் இன்னும் நிறைய இருந்தன. அவற்றில் சாவி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொன்றாகத் தேடவிட்டேன். ஒரு கட்டு முடியும்போதெல்லாம் அதற்கு எதிரே இருந்த அவன் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். பட்டியலை இப்போது யாரும் பார்ப்பதில்லை.

சட்டை காய்ந்துவிட்டது.